டிரங்கு காலில் வந்த கருவாட்டு மணம்

1977ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலிருந்து, மலேசியாவில் பேராக் மாநிலத்திலிருந்து பகாங்குக்கும் பகாங்கிலிருந்து பேராக்குக்கும் பேசிய டிரங்கு கால்கள் எல்லாவற்றிலும் கருவாட்டுக் குழம்பு மணக்கத் தொடங்கியது. காலையில் அவ்வளவாகத் தெரியாது. சாயங்காலம் ரிசீவரை எடுத்தவர்களுக்குப் புளி கொதித்து, கத்தரிக்காய் வெந்து, திருக்கைக் கருவாடு விழுந்த மணம் முதலில் வரும். எதிர்முனைக்காரரின் குரல் அதற்குப் பிறகுதான் வரும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிற கதைதான். கோலா லிப்பிஸில் ஒரு கோர்ட்டு குமாஸ்தா ஈப்போவுக்குப் பேசி முடித்துவிட்டு, சாப்பிட்ட வயிற்றோடு மறுபடி சாப்பிடப் போனார். சைவக்காரர்கள் ரிசீவரில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் பேசினார்கள். மற்றபடி அந்த வருடம் கேமரன் மலையில் மழை நன்றாகப் பெய்தது, தேயிலைக் கொழுந்துக்கும் குறைவில்லை. திரிங்காப்பில் முட்டைக்கோஸ் விலை மட்டும் படுத்துவிட்டது.

குழம்பு இராசம்மாவுடையது. ரிங்லெட் டவுனுக்கு மேலே, கில்மோர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் நாலாவதின் கடைசி வீட்டில் அவளும் அவள் புருஷன் இருளப்பனும் இருந்தார்கள். அவள் கொழுந்து பறித்தாள். அவன் ஆலையில் தேயிலை உலர்த்துகிற மெஷினைப் பார்த்துக்கொண்டான். சில வருடங்களுக்கு முன் டெலிபோன்காரர்கள் வந்து, தோட்டத்துக்கு மேற்கே ஒரு மலையுச்சியிலும் கிழக்கே ஒரு மலையுச்சியிலும் இரும்புக் கோபுரம் எழுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் தவிலைக் குறுக்கே மாட்டியது போல ஒரு பெரிய தட்டை, ஒன்றையொன்று பார்த்தபடி வைத்துவிட்டுப் போனார்கள். நடுவில் கம்பி கிடையாது. மேற்கே பேசுகிற பேச்சு கண்ணுக்குத் தெரியாத அலையாகிக் கிழக்குத் தட்டுக்கு நேர்கோட்டில் பாயும், அங்கே பேசுவது அதே கோட்டில் திரும்பி வரும். அந்த அலைக்குச் சுற்றுப்பாதை தெரியாது. வழியில் மலை நின்றால் முட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் ஒன்றும் இல்லை என்று அளந்து பார்த்துத்தான் வைத்தார்கள். அளந்த அன்று மூடுபனி. பனிக்குள் நாலாவது லயம் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே அந்தக் கோடு லயத்தின் பலகைச் சுவரில் புகுந்து, இராசம்மா சமைக்கிற குசினியில் உறி தொங்குகிற உயரத்தில் குறுக்கே நடந்து, எதிர்ச்சுவர் வழியாக வெளியே போனது.

பூனைக்குப் பயந்து மிச்சச் சோற்றை மண்சட்டியில் போட்டு உறியில் வைப்பது இராசம்மாவின் வழக்கம். ஒரு நாள் வேலை விட்டு வந்து சட்டியை இறக்கினால் சோற்றில் ஆவி பறக்கிறது. மறுநாள் அரிசியும் தண்ணீரும் போட்டுத் தொங்கவிட்டாள், வெந்தது. பருப்புப் போட்டாள், அதுவும் வெந்தது. “தீ இல்லாம வேகுதுங்க” என்று புருஷனிடம் சொன்னாள். “விறகு மிச்சம்” என்றான் இருளப்பன். நாள் முழுக்கச் சூட்டோடு மாரடிக்கிறவனுக்கு இன்னொரு சூடு அதிசயமாகப் படவில்லை. மண்சட்டி விரிசல் விட்ட நாளில் அலுமினியச் சட்டியைத் தொங்கவிட்டாள். அதில் ஓர் அரிசிகூட வேகவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டி பேசியது. சலாட் கீரை ஏற்றிய லோரி இன்னும் வந்து சேரவில்லை என்று யாரோ ஒரு தவுக்கே முதலாளி சீனத்தில் ஏசிக்கொண்டிருந்தார். இராசம்மா பேயோ என்று சட்டிக்குத் திருநீறு பூசினாள். திருநீறு பூசிய சட்டி மலாயில் பேசியது. அடுத்த வீட்டு மணியம்மா ஓடிவந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பேய்க்கு இத்தனை பாஷை தெரியாது, இது டெலிபோன்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றோடு விவகாரம் தெளிந்தது. மண்சட்டி சமைக்கும், அலுமினியச் சட்டி பேசும். இராசம்மா உறியின் மேல் அடுக்கில் புது மண்சட்டியையும் கீழ் அடுக்கில் அலுமினியத்தையும் வைத்துக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இராசம்மா வீட்டில் உலையே ஊர் வாயாக இருந்தது. கொஞ்ச காலத்துக்கு லயத்துப் பெண்கள் எல்லாரும் வேலை முடிந்ததும் அவள் குசினியில் வந்து குந்தினார்கள். தோட்டத்துத் துரை புதுக் கார் பார்ப்பது துரைசாணிக்குத் தெரியும் முன்னால் அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் டெலிபோனில் பேசுகிறவர்கள் பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்றும் மீதி நேரம் “சரி வைக்கிறேன்” என்றும்தான் சொல்கிறார்கள் என்பது தெரிந்ததும் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. ரேடியோ நாடகமே மேல் என்று போய்விட்டார்கள். இராசம்மா மட்டும் காதை எடுக்கவில்லை. அவளுக்குக் காரணம் இருந்தது.

அவள் மகள் பவளத்தை முந்தின வருடம் தெலுக் ஆன்சனில் கட்டிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை தங்கராஜு தங்கமான பையன். மளிகைக் கடை, மாடி வீடு, வீட்டிலேயே டெலிபோன். குறை என்று சொன்னால் சம்பந்தியம்மா அம்மாக்கண்ணு ஒருத்திதான். தங்கராஜு சின்னப் பிள்ளையில் காய்ச்சலாகக் கிடந்தபோது மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மீனை விட்டவள் அவள். அவள் விட்டதால் வீடே விட்டது. அந்தத் தெருவில் மீன்காரன் அவள் வாசலை மட்டும் மணியடிக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பான். அப்படிப்பட்ட வீட்டில் பவளம் பிள்ளை உண்டானாள், உண்டான கையோடு கருவாட்டுக் குழம்புக்கு ஏங்கினாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊரறிந்த முறை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துக்கொள்வதாக இராசம்மா முன்கூட்டியே ஆள் அனுப்பினாள். அம்மாக்கண்ணு மறுத்துவிட்டாள். தாப்பாவுக்கு மேலே இருக்கிற மலைப்பாதை வளைவுகளில் லோரியில் வருகிற முட்டைக்கோஸே மயங்கிப்போகிறது, பிள்ளைத்தாய்ச்சி தாங்குவாளா என்று கேட்டாளாம்.

இராசம்மா வீட்டில் டெலிபோன் ஏது? தோட்டத்து ஆபீஸில் இருந்த ஒன்றையும் கணக்கு எழுதுகிற கிராணி சாவுச் செய்திக்கு மட்டும்தான் கொடுப்பார். ஆனால் அம்மாக்கண்ணு வாரத்துக்கு ஒரு தடவை கோலா லிப்பிஸில் இருக்கிற தன் தங்கைக்குப் பேசுவாள். அந்தப் பேச்சு இராசம்மாவின் குசினியைத் தாண்டாமல் போக வழியில்லை. “எதத் தின்னாலும் வாந்தி. எலும்பும் தோலுமா ஆயிட்டா. அதுக்காக வீட்டுல கருவாடு ஆக்க முடியுமா?” என்றது சட்டி. பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையைத் தீர்க்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது இராசம்மாவுக்குத் தெரியும். அவள் சட்டிக்குள் முகத்தை விட்டு, “பவளம், எஞ்சாமி, அம்மா இங்கதான்டி இருக்கேன்” என்று கத்தினாள். குரல் சட்டியோடு நின்றது. அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்து இருளப்பன் சோறு கேட்கவில்லை.

அழுதுகொண்டேதான் மகள் நினைப்பில் ஒரு கருவாட்டுக் குழம்பைக் கூட்டி மேல் அடுக்கில் வைத்தாள். அது தளதளவென்று கொதித்த நேரத்தில், கீழ்ச் சட்டியில் ரவூப் டவுனுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் பேச்சை நிறுத்தி, “ஒங்க வீட்ல இன்னைக்கு என்னா, கருவாடா?” என்று கேட்டார். “ஒங்க வீட்லன்னுல்ல நான் நெனச்சேன்!” என்றது மறுமுனை. இராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குரல் போகாத வழியில் மணம் போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் உறியில் கருவாடு கொதித்தது. தெலுக் ஆன்சனில் நடந்ததைப் பவளம் பின்னால் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அத்தை பேசிக்கொண்டிருக்கையில், ரிசீவரிலிருந்து அம்மா வீட்டுக் குசினி அப்படியே எழுந்து வந்ததாம். “சித்திகிட்ட நானும் ரெண்டு வார்த்த பேசிக்கிறேன் அத்த” என்று வாங்கி, ரிசீவரைத் தோளில் இடுக்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் ரசஞ்சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள். லிப்பிஸ் சித்தி கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். இவள் ‘உம்’ கொட்டியபடி தட்டைக் காலி செய்வாள். வாந்தி நின்றது, கன்னத்தில் சதை போட்டது. மாமியார் முறைத்தாளே ஒழியத் தடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போட்ட டெலிபோனைத் தினமும் போட ஆரம்பித்தாள்.

இதில் ஒரு சங்கடம். பவளத்துக்குப் போகிற பேச்சு எது, பக்கத்து ஊருக்குப் போகிற பேச்சு எது என்று பிரித்துப் பார்க்க மணத்துக்குத் தெரியாது. அந்த ஒற்றைக் கோட்டில் ஏகப்பட்ட பேச்சுகள் ஆளுக்கொரு தடம் பிடித்துப் போகின்றன. எல்லாவற்றிலும் கருவாடு ஏறிக்கொண்டது. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, கும்பாபிஷேகத்துக்கு நாள் கேட்கப் போனை எடுத்த ஒரு கோயில் தலைவர், நாளை மறந்துவிட்டு மறுபடி தலைமுழுகப் போனார். புகாருக்கு மேல் புகார் வந்தது. டெலிபோன்காரர்கள் ரிசீவர்களை மாற்றிப் பார்த்தார்கள். கோபுரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தார்கள். கடைசியில் விஜயன் என்கிற டெக்னீஷியனை மலைக்கு அனுப்பினார்கள். அவன் கொண்டுவந்த கருவிகள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டின. கருவிகளை வண்டியில் போட்டுவிட்டு, மூக்கை மட்டும் நம்பித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கியவன், நேராக இராசம்மா குசினியில் வந்து நின்றான். “வாங்க தம்பி, சாப்பிட்டு அப்பறம் பேசலாம்” என்றாள் அவள். சாப்பாட்டு நேரத்தில் வந்தவனை வேறு என்ன சொல்வது?

விஜயன் இரண்டாம் தடவை சோறு வாங்கிய பிறகுதான் வந்த காரியத்தைத் தொட்டான். “இது சும்மா காத்து இல்ல லா, அக்கா” என்று ஆரம்பித்தான். ரேடியோவில் பாட்டைக் கொண்டுவருவதும் இதே சாதி அலைதான், வெயிலில் முதுகு காய்வதும் இதேதான், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் இதேதான், தாப்பா ஆஸ்பத்திரியில் இருளப்பனின் நெஞ்செலும்பைப் படம் பிடித்ததும் இதேதான் என்றான். எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டம்; எடுத்து வைக்கிற அடிதான் வேறு. ரேடியோவுக்கு ஆள் நீளத்தையும் தாண்டிய அடி. டெலிபோன் கோபுரத்து அலைக்கு விரல்கடை அடி. வெளிச்சத்துக்குக் கண்ணால் அளக்க முடியாத பொடி அடி. எலும்பைப் பார்க்கிறதற்கு அதிலும் பொடி. விரல்கடை அடி போடுகிற இந்த அலை, குழம்பில் இருக்கிற தண்ணீரைப் பிடித்து உலுக்கும். உலுக்குகிற உலுக்கில் சூடேறி வெந்துவிடும். மண்சட்டியில் தாராளமாக நுழையும். உலோகத்தில் நுழையாது, பட்டுத் திரும்பும். வெள்ளைக்காரன் ஊரில் இதையே ஒரு பெட்டிக்குள் அடைத்து அடுப்பு என்று விற்கிறானாம்.

“அப்ப எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்கன்னு சொல்லுங்க” என்றாள் இராசம்மா. “மூத்தவன் பாட்டுப் பாடுறான், நடுவுல உள்ளவன் சோறாக்குறான், கடைக்குட்டி எலும்ப எண்ணுறான். சரி தம்பி, நான் கத்துனது போவல, கொழம்பு வாசம் மட்டும் எப்புடிப் போவுது?” விஜயன் விரலை நக்கியபடி யோசித்தான். குரல் போக வேண்டுமென்றால் அதை அலையாக மாற்ற ஒரு கருவி வேண்டும். அது கோபுரத்துக்காரர்களிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை. மணத்துக்கு இதுவரைக்கும் யாரும் கருவியும் செய்யவில்லை, சட்டமும் போடவில்லை. காவல் போடாத எல்லையில் போகிறவன் போய்க்கொண்டுதானே இருப்பான் என்றான். இராசம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

விஜயன் நல்ல பையன், ஆனால் சம்பளம் வாங்குகிற பையன். மேலே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆவணி பிறந்ததும் அவனுடைய பெரிய அதிகாரி, துரையையும் கிராணியையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். அடுத்த மாதம் கோபுரத்துத் தட்டுகளை உயர்த்தி, கோடு கூரைக்கு மேலே போகும்படி செய்துவிடுவோம், அதுவரை உறியில் சமைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். “எம்மவ மாசமா இருக்காங்கய்யா. பெத்துப் பொழைக்கிற வரைக்கும் வுடுங்க” என்று இராசம்மா கெஞ்சினாள். அதிகாரி தலையை ஆட்டவில்லை. அவள் மண்சட்டியை இறக்கினாள். சமைக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை; அலுமினியச் சட்டி உறியிலேயே இருந்தது. சில நாளில் அதில் அம்மாக்கண்ணுவின் குரல் கம்மிப்போய் வந்தது. “தட்டையே தள்ளிட்டாடி. தண்ணிகூட எறங்கல. புள்ள எடை பத்தாதுன்னு டாக்டரு பயப்படுறாரு.” இராசம்மாவுக்கு இருக்கிற ஒரே மகள். நாள் நெருங்கிவிட்டது. சாமியைக் கும்பிட்டாள், பிறகு கொல்லைக்குப் போய், கூரைக்கு மாற்ற வைத்திருந்த தகரத்தைத் தூக்கிவந்து உறிக்குக் குறுக்கே நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். உலோகத்தில் பட்டால் திரும்பும் என்று சொல்லிக் கொடுத்தவனே விஜயன்தானே.

இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே பேச்சு நின்றது. மேற்கேயிருந்து பேசியவர்களின் குரல் தகரத்தில் பட்டு அவர்களிடமே திரும்பியது. ஈப்போவில் ஒரு வக்கீல் தன்னோடு தானே நெடுநேரம் வாதாடித் தோற்றுப்போனார். அதிகாரியும் துரையும் கிராணியையும் விஜயனையும் கூட்டிக்கொண்டு மலையேறி ஓடிவந்தபோது, இராசம்மா குசினியில் தகரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எம்மவள இங்க கொண்டாந்து வுடுங்க, எடுத்துர்றேன்” என்றாள். அரசாங்கத்தைக்கூடச் சமாளிக்கலாம், பிள்ளைத்தாய்ச்சியைப் பெற்றவளை யாரால் சமாளிக்க முடியும்? சம்பந்தி வீட்டுக்குப் பேசிப் பார்ப்போம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கிராணி ஆபீஸுக்கு ஓடினார், போன வேகத்திலேயே மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “நீ தகரத்த எடுத்தாத்தானே இராசம்மா போனு போவும்?” என்றார். அவள் யோசித்துப் பார்த்து, ஒரே ஒரு போன் போகிற அளவுக்கு மட்டும் தகரத்தைச் சாய்த்துக் கொடுத்தாள்.

ஆபீஸிலிருந்து விஜயன் பேசினான். மற்றவர்கள், துரை உட்பட, சட்டியைச் சுற்றி நின்றார்கள். “அம்மா, டெலிபோன் ஆபீஸ்லேருந்து பேசுறோம்” என்று அவன் அரசாங்கக் குரலில் ஆரம்பித்தான். அம்மாக்கண்ணு அவனை முடிக்க விடவில்லை. “நானே புகார் குடுக்கணும்னு இருந்தேன் தம்பி! நாலஞ்சு நாளா ஒரு வாசமும் வரமாட்டுதே, லைனு கெட்டுப்போச்சா?” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தெலுக் ஆன்சனில் அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டது நாலாவது லயத்துக்கே கேட்டது. விஜயன் மெதுவாக, “இனிமே இங்க வந்தாத்தாம்மா கெடைக்கும்” என்றான்.

அந்த வாரமே டாக்சி பிடித்து வந்துவிட்டார்கள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தது அம்மாக்கண்ணுதான். பவளம் நிறைமாத வயிற்றோடு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இராசம்மா மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே ஊட்டினாள். சம்பந்தியைக் கேட்கவென்று மாதக்கணக்காக மனதில் அடுக்கிவைத்த வார்த்தைகள் அவளிடம் நிறைய இருந்தன. ஆனால் அம்மாக்கண்ணு குசினி வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தது பாகான் டத்தோவில், கடலோரத் தென்னந்தோட்டத்தில். கூரை மேல் மீன் காயவைத்துக் காக்கை விரட்டி வளர்ந்தவள். “நாக்குல படாதுன்னுதான் சம்பந்தி ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். மூக்கப் பத்தி நான் பேசவே இல்ல” என்றாள். “மொதல்ல வளைவுக்குப் பயந்துதான் இவள அனுப்பல. அப்பறம், இவள அனுப்பிட்டா யாரச் சாக்கு வச்சுப் போன எடுப்பேன்?” இராசம்மா அவள் உட்காரப் பலகையை உறிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

புரட்டாசியில் பவளத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தட்டுகளை மேலே ஏற்றவில்லை. மணம் நின்ற நாட்களில், லைன் செத்துவிட்டது என்று முன்பைவிட அதிகமாகப் புகார் வந்ததால், அதிகாரி அந்த யோசனையை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமையில் சாம்பார் மட்டும் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு இரு பக்கத்து ஜனங்களும் ரிசீவரை எடுத்ததும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் நம்பரைச் சுழற்றினார்கள். டெலிவிஷனில் கலர் வந்தது, தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனது, இராசம்மாவுக்கும் தலை நரைத்தது. சாயங்காலம் குழம்பு கொதிக்கையில் அலுமினியச் சட்டியில் அத்தனை பேச்சுக்கும் நடுவே ஒரு டெலிபோன் வரும். லிப்பிஸ் தங்கச்சி “அலோ, அக்கா, ஏதாச்சும் பேசேன்” என்று அலுத்துக்கொள்வாள். மறுமுனையில் பேச்சு இருக்காது, நீளமாக இழுக்கிற ஒரு மூச்சு மட்டும் இருக்கும். “சம்பந்தி வந்துட்டாங்க” என்று சொல்லி இராசம்மா குழம்பில் இன்னொரு துண்டைப் போடுவாள். இருளப்பன் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விடுவான்.